நுரைத்தாலும் சப்பென்றாலும் முதலில் வெப்பமானி: கெக் பியரைப் போத்தலில் அடைப்பவர்களுக்கு

கெக் எனும் உலோகப் பீப்பாயில் இருக்கும் பியரைப் போத்தலில் அடைக்கும்போது எது பிழைத்தாலும் கை முதலில் போவது வாயுவின் அமுக்கத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேற்றரின் திருகுக்குத்தான். நுரைத்தால் அமுக்கத்தைக் குறைக்கிறோம், சப்பென்றிருந்தால் கூட்டுகிறோம். கொழும்பில் இந்தப் பழக்கத்துக்கு விலை அதிகம். குளிரறைக்குள் 2 பாகை, கதவுக்கு வெளியே 30 பாகை. பியர் இந்த இரண்டுக்கும் இடையே பயணம் செய்யும் ஒவ்வோர் இடத்திலும் ஒரு குறை முளைக்கும், பழி மட்டும் வாயுவின் மேல் விழும். 19ஆம் நூற்றாண்டில் இந்த நாட்டில் பியர் காய்ச்சத் தொடங்கியவர்கள் நுவரெலியாவைத் தேடிப் போனதில் வியப்பில்லை. நமக்கு அந்தக் குளிர் மின்கட்டணமாக வருகிறது.

ஆகவே திருகைத் தொடுவதற்கு முன் பியரின் வெப்பநிலையை அளந்துகொள்ளுங்கள். குளிரறைச் சுவரில் தொங்கும் மானி காற்றின் வெப்பநிலையைத்தான் சொல்லும். ஒரு குவளை பியரை ஊற்றிக் கொட்டிவிட்டு, குளிர்ந்த அந்தக் குவளையிலேயே இரண்டாவது முறை ஊற்றி அதில் அளப்பதுதான் நம்பத்தக்கது.

கூடவே நான்கு எண்களைச் சுவரில் எழுதி ஒட்டிவையுங்கள். சாதாரண லாகர் அல்லது பேல் ஏல் பியருக்கு 2.5 கனவளவு காபனீரொட்சைட்டு வேண்டும், அதாவது ஒரு லீற்றர் பியரில் 2.5 லீற்றர் வாயு, எடையில் லீற்றருக்கு ஏறக்குறைய 5 கிராம். அந்த அளவைப் பிடித்து வைக்க 2 பாகை செல்சியஸில் 10 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இறாத்தல்) அமுக்கம் போதும். 4 பாகையில் 12 வேண்டும், 10 பாகையில் 17 முதல் 18 வரை. 30 பாகையிலோ 38, 39 வரை போகும். கீழே வரும் குறைகளில் பாதிக்கு மேல் இந்த நான்கு எண்களிலேயே விடை இருக்கிறது.

நிரப்பும்போதே போத்தல் முழுக்க நுரை

எல்லோரையும் அலைக்கழிக்கும் குறை இதுதான். போத்தலில் பாதி பியர், பாதி நுரை; நுரை அடங்கியதும் மட்டம் கழுத்துக்குக் கீழே இறங்கிவிடும்.

முதலில் போத்தலைத் தொட்டுப் பாருங்கள். வெளியே அடுக்கி வைத்திருந்த 330 மில்லிலீற்றர் போத்தலின் கண்ணாடி 200 கிராம் அளவில் இருக்கும், சூடு 30 பாகை. அதற்குள் 2 பாகை பியரை ஊற்றினால், கண்ணாடியில் உள்ள சூடு மட்டுமே பியரை ஏறக்குறைய 3 பாகை உயர்த்திவிடும். அதுவும் சராசரிக் கணக்குத்தான். சுவரை முதலில் தொடும் பியர் அதைவிட எவ்வளவோ சூடேறுகிறது, அங்கேதான் வாயு கரைசலை விட்டு வெளியேறத் தொடங்குகிறது. ஒருமுறை குமிழி பிறந்துவிட்டால் மற்றவையும் அதைப் பிடித்துக்கொண்டு வந்துவிடும். போத்தல்களை முதல் நாள் இரவே குளிரறையில் வையுங்கள். இடமில்லாவிட்டால் நிரப்புவதற்குச் சற்று முன் பனிக்கட்டி இட்ட கிருமிநீக்கிக் கரைசலில் முக்கி எடுங்கள். உட்சுவர் ஈரமாக இருப்பதும் நல்லதுதான், காய்ந்த சுவரைவிட ஈரச் சுவரில் குமிழி குறைவாகவே பிறக்கும்.

போத்தலும் குளிர்ந்திருக்கிறது, இன்னும் நுரைக்கிறது என்றால் எந்த வகை நிரப்பி என்று பார்க்க வேண்டும். எதிர் அமுக்க நிரப்பி, திறந்த நிரப்பி என்ற இரண்டுக்கும் வைத்தியம் நேரெதிர் என்பதால் இங்கேதான் பலர் குழம்புகிறார்கள்.

எதிர் அமுக்க நிரப்பியில், போத்தலுக்குள் இருக்கும் அமுக்கமும் கெக்கில் இருக்கும் அமுக்கமும் சமமாக இருக்க வேண்டும். முதலில் போத்தலில் இருக்கும் காற்றைக் காபனீரொட்சைட்டால் வெளியேற்றுகிறோம், பிறகு அதே வாயுவால் கெக்கின் அமுக்கத்துக்கு நிரப்புகிறோம், பிறகு பியர் வால்வைத் திறந்து, போத்தலின் வாயுவைச் சிறிது சிறிதாக விடுகிறோம். அந்த விடுகையின் வேகம்தான் பியர் இறங்கும் வேகம். நுரையைக் கண்டு கெக்கின் அமுக்கத்தைக் குறைத்தால், பியர் தன் சமநிலை அமுக்கத்துக்கு, அதாவது சுவரில் எழுதிய எண்ணுக்கு, கீழே போய், குழாயிலேயே வாயுவைக் கக்கும், நுரை இன்னும் கூடும். 2 பாகையில் 2.5 கனவளவுள்ள பியரை 5 பிஎஸ்ஐயில் தள்ளிக்கொண்டு, ஏன் பொங்குகிறது என்று கேட்பதில் பொருளில்லை. அமுக்கத்தைச் சமநிலையிலோ ஓரிரு பிஎஸ்ஐ கூடவோ வைத்து, வெளியேற்றும் திருகை மட்டும் இறுக்குங்கள். கடைசியில் போத்தலின் அமுக்கத்தை விடும்போதும் அவசரம் கூடாது. 'புஸ்' என்று ஒரேயடியாக விட்டால், அதுவரை காத்த பொறுமை எல்லாம் நுரையாகிவிடும்.

பியர் கன் போன்ற திறந்த நிரப்பியில் கதை வேறு. அங்கே போத்தலில் எதிர் அமுக்கம் கிடையாது. எனவே கெக்கில் பியருக்கு மேல் நிற்கும் தலைவாயுவைச் சற்று விட்டு, 2 முதல் 4 பிஎஸ்ஐ வரை இறக்கி, மெதுவாக ஊற்ற வேண்டும். குழாயின் உள்விட்டம் 5 மில்லிமீற்றர் அளவில், நீளம் 3 மீற்றர் இருந்தால் அதன் உராய்வே வேகத்தை அடக்கிவிடும். அகலமான குழாய்தான் கைக்குக் கிடைத்தது என்று அரை மீற்றரில் வேலையை முடித்தால் பியர் பீறிட்டுத்தான் வரும். இந்த முறையில் கெக்கைக் குறைந்த அமுக்கத்தில் நெடுநேரம் விட்டுவைக்கவும் கூடாது, மேலே உள்ள பியர் மெல்ல வாயுவை இழக்கும். நிரப்பி முடிந்ததும் அமுக்கத்தை மீண்டும் ஏற்றுங்கள்.

எந்த முறையானாலும் நிரப்பும்போது 0.1 முதல் 0.2 கனவளவு வரை இழப்பு இருக்கும். போத்தலில் 2.5 வேண்டுமானால் கெக்கில் 2.6 அல்லது 2.7 இருக்கட்டும்.

முதல் இரண்டு மூன்று போத்தல்கள் மட்டும் நுரைக்கின்றன, பிறகு சரியாகிறது

குளிரறைக்கு வெளியே கிடக்கும் குழாயும் நிரப்பியின் உலோகமும் சூடாக இருக்கின்றன. பியர் ஓடி அவற்றைக் குளிர்வித்த பிறகு சரியாகிவிடுகிறது. இடையில் ஒரு தேநீர் இடைவேளை எடுத்துத் திரும்பினால் மீண்டும் அதே கதை. குழாய்க்குக் குளிர்சாதனக் குழாய்களில் போடும் கறுப்பு நுரையுறை போடுங்கள், பழைய சோனகத் தெருவில் மீற்றர் கணக்கில் வாங்கலாம். நிரப்பியின் தலையைப் பனிநீரில் வைத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். முதல் குவளையைக் கொட்டிவிடுங்கள், அதைப் போத்தலில் அடைத்துத்தான் ஆக வேண்டும் என்ற கஞ்சத்தனம் வேண்டாம்.

நடுவில் திடீரென்று நுரைத்தால் குழாயைக் கண்ணால் பாருங்கள். ஓடும் பியரோடு சிறு குமிழிகள் தொடர்ந்து வந்தால் ஏதோ ஒரு இணைப்பின் இரப்பர் வளையம் கிழிந்து வாயுவை உள்ளே இழுக்கிறது, அல்லது கெக் தீரப்போகிறது.

அமுக்கமானி சரியாகக் காட்டுகிறது, ஆனால் பியர் சப்பென்றிருக்கிறது

மானி காட்டுவது பியருக்கு மேலே இருக்கும் வாயுவின் அமுக்கத்தை. பியருக்குள் எவ்வளவு இறங்கியது என்பதை அது சொல்லாது. இறங்குவதற்குக் குளிரும் காலமும் வேண்டும்.

பியர் உண்மையில் குளிர்ந்துவிட்டதா? 28 பாகையில் இருந்த 50 லீற்றர் கெக்கைக் குளிரறையில் வைத்தால், நடுவில் இருக்கும் பியர் 3 பாகைக்கு வர ஒரு முழு நாளுக்கும் மேல் எடுக்கும். கெக்குகளை ஒட்டி ஒட்டி அடுக்கியிருந்தால், கதவை அடிக்கடி திறந்தால், இன்னும் நீளும். போயா தினத்தில் மதுக்கடைகள் மூடியிருக்கும், அதனால் முந்திய நாள் எல்லோருக்கும் சரக்கு வேண்டும். அந்த அவசரத்தில் காலையில் உள்ளே போன கெக் மாலையில் நிரப்பியில் மாட்டப்படுகிறது. 10 பாகைப் பியருக்கு 12 பிஎஸ்ஐ கொடுத்தால், எத்தனை நாள் வைத்தாலும் 2.5 கனவளவு வராது. மின்வெட்டு வந்த இரவுக்குப் பிறகும் இதே சோதனையை முதலில் செய்யுங்கள்.

குளிர் சரி என்றால் காலத்தைக் கணக்கிடுங்கள். மேலே வாயுவை விட்டுச் சும்மா வைத்தால் ஒன்று முதல் இரண்டு வாரம் எடுக்கும். அவசரத்துக்கு 30 பிஎஸ்ஐ கொடுத்து ஒரு நாள் வைத்து, பிறகு சமநிலை அமுக்கத்துக்கு இறக்கலாம். ஆனால் ஒரு நாள் என்பதை மறந்து இரண்டு நாள் விட்டால் அடுத்த குறைக்குப் போய்ச் சேர்வீர்கள். கெக்கை உருட்டிக் குலுக்குவதும் வேலை செய்யும், எங்கே நிறுத்துவது என்றுதான் தெரியாது.

வாயுவை நுண்குமிழிகளாகப் பியருக்குள் விடும் வாயுக் கல் பொருத்தியிருப்பவர்கள், கல்லின் நுண்துளைகளைத் தாண்டி வாயு வெளிவரவே தனி அமுக்கம் வேண்டும் என்பதைக் கணக்கில் சேர்க்க வேண்டும். புதிதாக இருந்தபோது நன்றாக வேலை செய்து, இப்போது மந்தமாகிவிட்டது என்றால் துளைகளில் பியர்ப்படிவு அடைத்திருக்கிறது. அது கல்சியம் ஒட்சலேற்றும் புரதமும் சேர்ந்த படிவு, காரம் மட்டும் போட்டால் மசியாது. காரத்தில் ஊறவைத்து அலசிய பிறகு அமிலத்தில் ஊறவைத்து, கடைசியில் நீரில் கொதிக்க விடுங்கள். வெறுங்கையால் கல்லைத் தொடாதீர்கள், விரலின் எண்ணெயே துளையை அடைக்கும். இன்னொன்று: காபனீரொட்சைட்டு நிறைந்த கலத்தில் எரிசோடாக் கரைசலை விடாதீர்கள். வாயுவைக் கரைசல் விழுங்கி, தானும் வலுவிழந்து, உள்ளே வெற்றிடத்தையும் உண்டாக்கும். கெக் தாங்கலாம், மெல்லிய தகட்டுத் தொட்டி நசுங்கிவிடும்.

இத்தனையும் சரி, இன்னும் சப்பென்றிருக்கிறது என்றால் மானியையே சந்தேகியுங்கள். மலிவான மானிகள் 2, 3 பிஎஸ்ஐ பிசகுவது வழமை. வாயுவை அடைத்து, கெக்கில் தனி மானியை மாட்டி, நன்றாகக் குலுக்கி, முள் அசையாமல் நிற்கும்வரை பொறுத்து, அந்த அமுக்கத்தையும் பியரின் வெப்பநிலையையும் குறியுங்கள். சுவரில் ஒட்டிய எண்களோடு ஒப்பிட்டால் உள்ளே வாயு கூடவா குறைவா என்று தெரிந்துவிடும். இந்தச் சோதனைக்குச் செலவாகும் பத்து நிமிடத்தை மிச்சம் பிடிப்பவர்கள் சுவையால் ஊகிக்கிறார்கள், அந்த ஊகம் நாவின் மனநிலையைப் பொறுத்தது.

சிலிண்டர் மானி திடீரென்று பாதியாகிவிட்டது

கசிவு என்று பதறுவதற்கு முன், சிலிண்டரைக் குளிரறைக்குள் நகர்த்தினீர்களா என்று கேளுங்கள். உள்ளே இருப்பது திரவக் காபனீரொட்சைட்டு. திரவத்தில் ஒரு துளி மிஞ்சும்வரை அமுக்கம் வெப்பநிலையை மட்டுமே பொறுத்தது. 30 பாகையில் 72 பார் அளவில் நிற்கும் முள், 3 பாகையில் 37, 38 பார் அளவுக்கு இறங்கும். வாயு ஒரு கிராம்கூடக் குறைந்திருக்காது. மீதியை அறிய ஒரே வழி தராசு: வெற்றுச் சிலிண்டரின் எடை அதன் கழுத்தில் பொறித்திருக்கும்.

உண்மையிலேயே கசிந்தால் சவர்க்கார நீர் பூசிக் கண்டுபிடியுங்கள். சிறு கெக்குகளின் மூடி குறைந்த அமுக்கத்தில் சரியாக அமராது, 30 பிஎஸ்ஐ கொடுத்து அமர்த்திவிட்டு இறக்குங்கள்.

சிலிண்டரைக் குளிரறைக்குள் வைப்பதே எனக்குப் பிடிக்காத வழக்கம். 10 கிலோ வாயு முழுவதும் கசிந்தால் ஏறக்குறைய 5 கன மீற்றர். 20 கன மீற்றர் அறையில் அது உயிரைப் பறிக்கும் அளவு. காற்றில் 4 வீதமே உடனடி ஆபத்தாகக் கருதப்படுகிறது. காற்றைவிடக் கனமான வாயு தரையில் தேங்கும், குனிந்து கெக்கைத் தூக்குபவர்தான் முதலில் விழுவார். சிலிண்டரை வெளியே வைத்துக் குழாயை மட்டும் உள்ளே விடுங்கள், எச்சரிக்கை மணியைத் தாழ்வாகப் பொருத்துங்கள். மணி அடித்தால் கதவைத் திறந்துவிட்டு விலகுங்கள், விழுந்தவரை இழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடாதீர்கள்.

அடைத்த அன்று நன்றாக இருந்தது, சில வாரத்தில் வாயு இல்லை

மூடிதான். வேறெங்கும் தேட வேண்டாம். 26 மில்லிமீற்றர் கிரௌன் மூடி சரியாக நெரிந்திருந்தால் அதன் வெளிவிட்டம் 28.6 முதல் 28.8 மில்லிமீற்றருக்குள் இருக்கும். வேணியர் இடுக்கியால் அளக்கலாம். கூடினால் மூடி தளர்வு. குறைந்தால் அதிகமாக நெரித்து, போத்தலின் வாயையும் மூடியின் உள்வளையத்தையும் காயப்படுத்துகிறீர்கள். பழைய போத்தல்களை வாங்கி நிரப்புபவர்கள் வாயின் அளவையும் பார்க்க வேண்டும், 29 மில்லிமீற்றர் வாயுள்ளவையும் கலந்து வரும். "போத்தல், பத்தர" என்று கூவி வரும் வண்டிக்காரர் அளவு பார்த்துத் தரமாட்டார். விளிம்பில் விரலை ஓட்டி, நகம் இடறும் போத்தலை ஒதுக்குங்கள்.

சந்தேகமுள்ள போத்தலை இளஞ்சூட்டு நீரில் தலைகீழாக அமிழ்த்தினால் கசிவு குமிழியாகத் தெரியும். கண்ணுக்குக் கவசம் அணிந்துகொண்டு செய்யுங்கள்.

மூடியைத் திறந்ததும் பொங்கி வழிகிறது

எத்தனை போத்தல் என்பதுதான் முதல் கேள்வி.

எல்லாமே, அடைத்த அன்றே பொங்கினால் கெக்கிலேயே வாயு அதிகம். கெக்கை வாயுவிலிருந்து கழற்றி, தலைவாயுவைப் பல தடவை விட்டு இறக்கி, மேலே சொன்ன குலுக்கல் சோதனையைச் செய்து உறுதிப்படுத்துங்கள்.

அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பொங்கினால் போத்தல் அழுக்கு. அடியில் காய்ந்த பழைய படிவு, உட்சுவரில் கீறல், கழுவிய தூளின் மிச்சம் ஆகியவை எல்லாம் குமிழிக்கு இருப்பிடம். ஒவ்வொரு நாளும் முதலில் நிரப்பிய போத்தல்கள் மட்டும் பிறகு கெட்டால் நிரப்பியின் முனையில் கிருமி குடியிருக்கிறது. அதைப் பிரித்துக் கழுவுங்கள், கழற்றாமல் ஓடவிடும் கழுவல் இரப்பர் வளையத்தின் பின்பக்கத்தைத் தொடாது.

எல்லாப் போத்தல்களும் நாளுக்கு நாள் கூடுதலாகப் பொங்கினால், அதைத்தான் கடுமையாக எடுக்க வேண்டும். உள்ளே நொதித்தல் தொடர்கிறது. லீற்றருக்கு 4 கிராம் சர்க்கரை நொதித்தால் ஒரு கனவளவு வாயு கூடும். அடர்த்திமானியில் அது 1.012 இலிருந்து 1.010 க்கு இறங்குவது, கண் தவறவிடக்கூடிய இரண்டே புள்ளிகள். கெக்கில் குளிரில் உறங்கிய மதுவம் (ஈஸ்ட்), கடை அலமாரியின் 30 பாகையில் விழித்துக்கொள்கிறது. நொதித்தல் முடியும் முன்பே குளிரூட்டியது ஒரு காரணம். குளிர்ந்த பியரில் கசப்பும் மணமும் தரும் ஹொப்ஸ் பூக்களை ஊறவைப்பவர்களுக்கு, ஹொப்ஸின் நொதியங்கள், சாதாரண மதுவம் தொடாத டெக்ஸ்திரினை உடைத்துப் புதிய சர்க்கரையைத் தருவது இன்னொன்று. டெக்ஸ்திரினையே தின்னும் காட்டு மதுவம் புகுந்திருப்பது மூன்றாவது, மோசமானது.

இது ஏன் நம் ஊரில் ஆபத்து என்றால், 2.5 கனவளவுள்ள நல்ல போத்தலே குளிரறையில் 10 பிஎஸ்ஐயில் இருந்து, வெளியே வந்ததும் 38 ஆகிறது. ஒரு கனவளவு கூடினால் 57. இன்னொன்று கூடினால் 75 தாண்டும். கீறல் விழுந்த மறுபாவனைப் போத்தல், வெயிலில் நிறுத்திய வேன் ஆகியவற்றைச் சேர்த்தால் கண்ணாடித் துண்டுகள் பறக்கும். விற்ற பெட்டிகளைத் திரும்ப எடுங்கள். குலுக்காமல் குளிரறையில் வைத்து, நன்றாகக் குளிர்ந்த பிறகு, கையுறையும் முகக்கவசமும் அணிந்து திறந்து கொட்டுங்கள்.

முன்கூட்டியே அறிய மலிவான வழி: அடைப்பதற்கு முன் சிறிது பியரை எடுத்து, புது மதுவம் சேர்த்து, அறை வெப்பநிலையில் சில நாள் வைத்து அடர்த்தியை அளந்து பாருங்கள். கெக்கில் இருக்கும் அடர்த்திக்கும் அதற்கும் வித்தியாசம் இருந்தால் அந்தத் தொகுதியை அடைக்காதீர்கள். கொழும்பின் அறை வெப்பநிலை இந்தச் சோதனைக்கு அடைகாப்பியாகவே வேலை செய்கிறது. வெயில் தரும் ஒரே இலவச உதவி.

நனைந்த கடதாசி மட்டையின் மணம்

ஒட்சிசன். போத்தலின் கழுத்தில் தங்கிய காற்று, அல்லது காற்றோடு இருந்த கெக்குக்குள் பியரை விட்டது. போத்தலுக்கு வைத்தியம் எளிது: நிரப்பி முடிந்ததும் நுரை வாய்வரை எழும்பட்டும், அந்த நுரையின் மேலேயே மூடியை அடியுங்கள். நுரை எழவில்லையென்றால் போத்தலை மெல்லத் தட்டுங்கள். நிரப்புபவரும் மூடி அடிப்பவரும் ஒருவரையொருவர் பார்க்காமல் வேலை செய்யும் இடத்தில்தான் இது தவறும். பத்துப் போத்தலை நிரப்பி வரிசையில் வைத்துவிட்டு மூடி தேடுவது பியரைக் காற்றுக்கு விருந்து வைப்பது.

வெற்றுக் கெக்கில் இருக்கும் காற்றை விரட்ட, அதை வாயுவால் 30 பிஎஸ்ஐக்கு ஏற்றி வெளியே விடுவதால் ஒவ்வொரு முறையும் காற்று மூன்றில் ஒன்றாகத்தான் குறைகிறது. ஒருமுறை செய்து திருப்தியடையாதீர்கள், ஐந்து முறை செய்தால் ஒட்சிசன் 0.1 வீதத்துக்குக் கீழே வரும். அதைவிடச் சிறந்தது, கெக்கைக் கிருமிநீக்கிக் கரைசலால் விளிம்புவரை நிரப்பி, அதை வாயுவால் வெளியே தள்ளுவது.

சேமிப்பையும் பாருங்கள். தொழிலில் ஒரு கைக்கணக்கு உண்டு: 32 பாகையில் 3 நாள், 22 பாகையில் 30 நாள், 3 பாகையில் 300 நாள், மூன்றும் பியருக்கு ஒரே முதுமை. கொழும்புக் கடையின் பின்னறை எந்த வரிசையில் வருகிறது என்று சொல்லத் தேவையில்லை. குளிர்பெட்டி இல்லாத கடைக்குச் சரக்குக் கொடுக்கத்தான் வேண்டுமா என்று யோசியுங்கள்.

கூசும் துர்நாற்றம், ஆனால் சில போத்தல்களில் மட்டும்

வெளிச்சம் பட்டவை. ஹொப்ஸின் கசப்புப் பொருள் ஒளியில் உடைந்து கந்தக மணத்தைத் தரும், வெயிலில் சில நிமிடமே போதும். பச்சைப் போத்தலும் வெள்ளைப் போத்தலும் காக்காது. கபில நிறப் போத்தலுக்கு மாறுங்கள், நிரப்பியவற்றை வெளி முற்றத்தில் அடுக்காதீர்கள்.

லேபிள் வழுக்கி விழுகிறது

ஈரப்பதம் நிறைந்த நம் காற்றில் குளிர்ந்த போத்தல் வெளியே வந்த உடனே வியர்த்துவிடும், எந்தப் பசையும் பிடிக்காது. வெற்றுப் போத்தலிலேயே லேபிளை ஒட்டி, பிறகு குளிர வைத்து நிரப்புங்கள். கிருமிநீக்கியில் முக்குபவர்களுக்கு இது சரிவராது. அவர்கள் அடைத்த போத்தல்களை மின்விசிறி ஓடும் இடத்தில் விட்டு, வியர்வை காய்ந்ததும் துடைத்து ஒட்டி, மீண்டும் குளிரறைக்கு அனுப்ப வேண்டியதுதான்.